சூடு சொல்கிறவள்

ஆய்வுக்கூடத்து இருட்டறையின் கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த சந்தில் கறுப்புத் துணியைச் செருகிக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. இன்னொரு துணியைச் செருகினாள். ஜன்னல்களுக்கு ஏற்கெனவே அட்டை வைத்து, அட்டைக்கு மேல் திரை போட்டு, திரையின் ஓரங்களை டேப்பால் ஒட்டியாகிவிட்டது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டவள் வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் மணிக்கட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். "உங்க வாட்ச் முள்ளு மினுங்குது மாடியம்மா. கழட்டிப் பையில போடுங்க. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ள வந்தாலும் என் கணக்கு கெட்டுப்போகும்." அவள் வீட்டுக்கு மேல் மாடியில் நான் குடியிருப்பதால் அவளும் கூட இருக்கிற அவள் அண்ணனும் எனக்கு வைத்த பெயர் மாடியம்மா.

இத்தனை கெடுபிடியும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சுடருக்காக. மேசை நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் படுத்திருக்கும். அதன் வழியே ஹீலியம் வாயு மெல்லச் சீறிக்கொண்டு வரும். மின்சாரம் கொடுத்தால் குழாயின் வாயில் ஊதா நிறத்தில் ஒன்று நீண்டு நிற்கும். மெழுகுவத்திச் சுடர்போல அது ஆடாது. ஆறாத புண்மேல் இதைக் காட்டினால் கிருமி சாகும், புண் ஆறும் என்று அவள் வேலை பார்க்கிற நிறுவனம் பேனா மாதிரி ஒரு கருவியைச் செய்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்து வந்தது. அந்தச் சுடர் எவ்வளவு சூடு என்று சொல்வதுதான் அவள் வேலை. சூடு அதிகம் என்று அவள் சொன்னால் கருவி அறையை விட்டு வெளியே போகாது.

அங்கே வேலை செய்கிற இளசுகள் அவளுக்கு ஜுரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். நடைபாதையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் "ஜுரம் வருது, ஜுரம் வருது" என்று சொல்லிக்கொண்டு போனைப் பைக்குள் ஒளிப்பார்கள். அவளுக்கும் அது தெரியும். "வரட்டுமே. அப்பத்தானே ஒழுங்கா வேலையைப் பார்ப்பாங்க" என்பாள். ஒல்லியான உடம்பு, பெரிய கைக்குட்டை, நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அங்கே இருப்பதையே மறந்துவிட்டுத் தேடுகிற மூக்குக்கண்ணாடி. இருட்டு அறையில் பொழுதைக் கழிப்பவள் என்பதால் வெயிலில் வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ தன்னைத் திட்டுகிற மாதிரி நிற்பாள்.

சூடு எவ்வளவு என்று அவளிடம் மொட்டையாகக் கேட்டுவிட முடியாது. "யாரோட சூடு?" என்று திருப்பிக் கேட்பாள். முதல் தடவை நான் விழித்தேன். அவள் தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டைக் காட்டினாள். "அதைக் கையால தொடலாம். சுடாது. ஆனா உள்ள ஒரு கூட்டம் பத்தாயிரம் டிகிரியில ஓடிக்கிட்டிருக்கு. எலக்ட்ரானுங்க. பொடிப்பயலுக. கரண்ட் குடுத்தா தலைகால் புரியாம ஓடுவானுங்க. அந்த வாயு இருக்கே, அது தடிமாடு. எருமை மேல கொசு மோதின மாதிரிதான், திரும்பிக்கூடப் பார்க்காது. என் சுடரும் அதே ஜாதிதான். ஒரே வீட்டுல மாமியாரும் மருமகளும்னு வெச்சுக்கோங்க. ஒருத்தி கொதிச்சுக்கிட்டிருக்கா, இன்னொருத்தி ஜில்லுன்னு உக்காந்திருக்கா. பேச்சுவார்த்தை கிடையாது. அந்த வீட்டோட சூடு என்னன்னு கேட்டா நான் யாரைச் சொல்றது?"

தோலைச் சுடுவது தடிமாட்டின் சூடுதான். அதைத்தான் அவள் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி அவளுக்கு நாக்கில் ஒட்டிப் போயிருந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வந்து "சூடு நூத்தி ஒண்ணு இருக்கு" என்றபோது, ஏதோ யோசனையில் "யாரோட சூடு?" என்று கேட்டுவிட்டாள். "உங்க அண்ணனோடதுதாம்மா, வேற யாரோடது?" என்று நர்ஸ் சிடுசிடுத்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அண்ணனுக்கு அன்றைக்கு உண்மையாகவே நூற்றொன்று.

சுடருக்குள் தெர்மாமீட்டரை நீட்ட முடியாது. உலோகத்தைக் கண்டால் சுடர் பாய்ந்து பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாம் அளப்பது வேறு சுடர். அதனால் அவள் தொடாமல் அளப்பாள். பக்கத்துக் காற்றிலிருந்து கொஞ்சம் நைட்ரஜன் சுடருக்குள் புகுந்துகொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகச் சுழலும். சுற்றியிருக்கும் வாயு சூடாக இருந்தால் வேகமாகச் சுழலும். அது விடுகிற ஒளியை ஒரு பெட்டிக்குள் விட்டுப் பிரித்தால் திரையில் ஒரு குன்று தெரியும். ஒரு பக்கம் சுவர்போலச் செங்குத்து, மறு பக்கம் சரிந்து சரிந்து இறங்கும் வால். சூடு ஏற ஏற வால் நீளும். "எல்லாரும் உச்சியைத்தான் பார்ப்பாங்க. நீங்க வாலைப் பாருங்க. வால்தான் பொய் சொல்லாது" என்று திரையில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு. எனக்கும் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளி அந்தப் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் தலைமுடியைவிட மெல்லிய ஓர் இடுக்கு இருக்கிறது. அந்த இடுக்கும் தன் பங்குக்குக் குன்றைக் கொஞ்சம் அகலமாக்கிவிடும். இடுக்கு எவ்வளவு அகலம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தால் அது அந்தப் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சூடு என்று சொல்லும். "பாத்திரத்தோட அரிசியை நிறுத்துட்டு, பாத்திரத்தோட எடையைக் கழிக்கிறோம்ல, அதே கதைதான். பாத்திரம் கனம்னு நினைச்சுக் கூடுதலாக் கழிச்சா அரிசி குறைச்சலாத் தெரியும்." இதை அவள் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்ன நாளில் அவள் அண்ணனுக்கு இரண்டு பாதங்களும் இருந்தன.

அண்ணன் பஸ் டிரைவர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணி காலமான பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டார். தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைக் கிளறினால் இவர் முந்திக்கொண்டு, "எத்தனையோ மாப்பிள்ளை பார்த்தோம், ஒருத்தனோட சூடும் இவளுக்குச் சரியா வரல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். ஐம்பதைத் தாண்டியவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு யார் வந்தாலும், மின் கணக்கெடுக்க வருகிறவரானாலும் சரி, நிறுத்திவைத்து, "எங்க பாப்பா தொடாமலே சூடு சொல்லுவா, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவள் உள்ளேயிருந்து "அண்ணா, அவருக்கு வேலை இருக்கு, விடு" என்று கத்துவாள்.

அவருக்குச் சர்க்கரை. பாதங்கள் எப்போது மரத்துப் போயின என்று அவருக்கே தெரியாது. மெல்ல மெல்ல முட்டிக்குக் கீழே எதுவும் உறைக்காமல் போய்விட்டது. கடைசி ஒரு வருஷம் ஆக்சிலேட்டரைக் காலால் உணரவே இல்லை, இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் மிதித்தேன் என்று அவர் என்னிடம் சாமர்த்தியமாகச் சொன்னார். அந்த பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன். ஒருநாள் ஷூவுக்குள் ஓர் ஆணி ஏறி, பொழுது முழுக்க வலது பாதத்தைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றி, ரத்தத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. புண் ஆறவே இல்லை.

அவளுடைய நிறுவனத்தின் கருவி அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரியில் புண் வார்டுக்குப் போயிருந்தது. அண்ணனை அங்கே சேர்த்துவிட்டது அவள்தான். அவர் முதலில் பயந்தார். நெருப்பு மாதிரி இருக்கிறதே என்றார். "நான் அளந்தது அண்ணா. வெந்நீர் ஒத்தடம்கூட இதைவிடச் சுடும்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். சில வாரங்கள் போய் வந்தார். புண்ணின் ஓரம் வெளுத்தது. பிறகு கறுத்தது. விரல்களை எடுத்தார்கள், அப்புறமும் ஏறியது, கணுக்காலுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன என்று யாரும் தேடவில்லை. சர்க்கரைக் கால், அவ்வளவுதான்.

வீடு திரும்பிய அண்ணன் தன் பெருமையை மாற்றிக்கொள்ளவில்லை, இன்னும் ஒரு படி ஏற்றிக்கொண்டார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "பாப்பாவோட மெஷின் மட்டும் இல்லேன்னா முழங்கால் வரைக்கும் போயிருக்கும். அவதான் பாதியோட காப்பாத்திக் குடுத்தா" என்பார். அப்படி எந்த டாக்டரும் சொல்லவில்லை. துக்கத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும் என்று அவராகவே செய்துகொண்ட கதை அது. முதலில் அவள் அதைக் கேட்டுத் தலைகுனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டத்தில், அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட ஆரம்பித்தாள். பாத்திரம் எதுவும் இருக்காது. தண்ணீர் சும்மா ஓடும்.

மொட்டைமாடியில் துணி உலர்த்த வந்தபோதுதான் என்னிடம் சொன்னாள். ஈரப் போர்வையின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறு முனையை அவள் பிடித்திருந்தாள். நடுவில் போர்வை தொங்கியதால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாளோ என்று பிறகு தோன்றியது.

"மெர்குரி விளக்கைப் போட்டுப் பார்த்தேன் மாடியம்மா" என்றாள். அந்த விளக்கின் ஒளி பெட்டிக்குள் போனால் திரையில் ஒற்றைக் கோடுகளாக விழும். கோடு எவ்வளவு பட்டையோ அவ்வளவுதான் இடுக்கின் பங்கு. பெட்டியை யாராவது திறந்தால் உடனே அந்த விளக்கைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். அது அந்தத் தொழிலின் பாலபாடம். பெட்டி நடுவில் ஒருமுறை பழுதுபார்க்கப் போய்வந்திருந்தது. பழுதுபார்த்தவன் நல்லது செய்வதாக நினைத்து, பழைய இடுக்கு தேய்ந்திருக்கிறது என்று புதிதாக, அதைவிட மெல்லியதாக ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பழைய கனமான பாத்திரத்தையே கழித்துக்கொண்டிருந்தது.

"கோடு ஊசி மாதிரி விழுந்துச்சு. பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. பழைய கணக்கையெல்லாம் திரும்பப் போட்டேன். முப்பத்தெட்டு செல்சியஸ்னு சொன்னது எழுபதைத் தாண்டிருச்சு."

"ஏன் அப்பவே விளக்கைப் போட்டுப் பார்க்கல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"எழுபதுன்னு வந்திருந்தா பத்துத் தடவை பார்த்திருப்பேன். பெட்டியையே பிரிச்சுப் போட்டிருப்பேன். முப்பத்தெட்டுன்னு வந்துச்சு. உடம்புச் சூடு. எல்லாரும் கைதட்டினாங்க. நானும்தான் தட்டினேன்."

அதற்கு முன்பு கருவியில் மின்சாரம் குறைவாக ஓடியது. அங்கே வேலை செய்கிறவர்கள் வேடிக்கைக்கு அதில் விரலை நீட்டிக் காட்டுவார்கள். கிருமிகள் போதுமான அளவு சாகவில்லை என்று மின்சாரத்தைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகு அளந்ததுதான் அந்த முப்பத்தெட்டு. எண் நன்றாக இருந்ததால் மறுபடி விரலை நீட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வார்டில் காலில் உணர்ச்சி இருந்தவர்கள் "சுள்ளுங்குது" என்று காலை இழுத்துக்கொண்டார்கள். நர்ஸும் பேனாவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அண்ணன் இழுக்கவில்லை. அவர் நர்ஸிடம், மழையில் பஸ் சறுக்கிய கதையைச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

போர்வையைக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டிவிட்டு அவள் கீழே இறங்கிப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை துணி செருகி, இத்தனை டேப் ஒட்டி, என் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றவைத்தவள், ஒரு விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லையே என்று வந்த கோபம். அது சாயங்காலம் வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

மறுநாளே மேலாளரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். தேன் தடவிப் பேசுகிறவர், எதிராளியின் நாற்காலியைத் தானே இழுத்துப் போடுகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க நேர்மையானவங்க மேடம், அதான் மனசுல போட்டு உழப்பிக்கிறீங்க. சர்க்கரைக் காலு. எப்படியும் போயிருக்கும்" என்றாராம். அடுத்த வாரம் கருவிகள் எல்லாம் திரும்பி வந்தன. மேம்படுத்துவதற்காக என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னார்கள். மின்சாரத்தைக் குறைத்துத் திருப்பி அனுப்பினார்கள். எப்படியும் போயிருக்கும் என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படியும் போகிற கால் என்றால் அதை ஆற்றுவதற்கு எதற்கு ஒரு கருவி?

புண் வார்டு டாக்டர் அவரைவிட எவ்வளவோ மேல். அவள் நேரில் போய்ச் சொன்னதும் அன்றைக்கே கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இதனாலதான் போச்சுன்னோ, இதனால போகலன்னோ இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். மற்ற நோயாளிகளிடம் தானே பேசிவிடுவதாகவும், அவள் அண்ணனிடமும் பேசுவதாகவும் சொன்னார். வேண்டாம், அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்று இவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாங்கிக்கொண்டதைச் செய்யத்தான் முடியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் நேரே அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். வாயைத் திறப்பாள். "தண்ணி வேணுமா அண்ணா?" என்று கேட்பாள். இன்னொரு நாள் மின்விசிறியைக் கூட்டவா என்பாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "வயசாகுது பாப்பாவுக்கு. சொல்ல வந்ததை மறந்துடுறா" என்பார். எடை குறைந்துகொண்டே வந்தது அவளுக்கு. இருட்டறைக்குப் போனால் ஒவ்வொரு அளவுக்கு முன்னும் பின்னும் அந்த மெர்குரி விளக்கைப் போட்டாள், இரண்டு அளவுகளுக்கு நடுவிலும் போட்டாள். இளசுகளுக்கு அது சிரிப்பாக இருந்தது. ஜுரம் முற்றிப்போச்சு என்று பேசிக்கொண்டார்கள். பழைய கறுப்புத் துணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தடிமனான துணி வாங்கி வந்து, வெளிச்சம் வராத கதவுக்கும் செருகினாள்.

அப்போதுதான் அவருடைய இடது குதிகாலில் தோல் வெடித்தது. சின்ன வெடிப்பு. ஒற்றைக் காலில் முழு எடையும் விழுந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? ஒரு வாரத்தில் அது குழியானது. டாக்டர் உடனே கூட்டி வரச் சொன்னார். அண்ணன் மறுத்துவிட்டார்.

"அங்க போனா கத்தி எடுப்பானுங்க. எனக்குத் தெரியாதா? உன் மெஷினைக் கொண்டா பாப்பா. போன தடவை லேட்டா ஆரம்பிச்சோம், அதான் பாதி போச்சு. இப்ப சீக்கிரமே காட்டிடு, ஆறிடும்."

"மெஷின் ரிப்பேர்ல இருக்கு அண்ணா."

"சரி, வரட்டும். நான் எங்க ஓடிடப்போறேன்?" என்று தன் காலையே கேலி செய்து சிரித்தார்.

அவர் காத்திருந்தார். டாக்டரின் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குதிகாலில் அவள் தினமும் கட்டு மாற்றினாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி மாடிக்கு ஏறும்போது எனக்குப் புண் அழுகுகிற வாடை வந்தது. படியிலேயே நின்றுவிட்டேன். அன்று அவளை என் வீட்டுக்குக் கூப்பிட்டு, "இன்னும் நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லிடுவேன்" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"வேணாம். என் வாயாலதான் அது வரணும்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாளைக்கு லீவுதான். நீங்க கூட இருங்க. நீங்க இருந்தா வேற பேச்சுக்கு நழுவ மாட்டேன்."

மறுநாள் சாப்பாடு முடிந்த மதியம். அண்ணன் மல்லாந்து படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து கால் வரை போர்வை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். "வாங்க மாடியம்மா, டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்தீங்க?" என்று வழக்கமான கேலியைச் செய்தார். அவள் வந்து ரேடியோவை நிறுத்தினாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தவள், கையைப் போர்வைக்குள் விட்டு, கட்டுக்கு மேலே அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் உத்தரத்தில் இருந்தது.

"அண்ணா, மெஷின் ரிப்பேர்ல இல்ல."

"பின்ன?"

"நான் சொன்ன சூடு தப்பு. முப்பத்தெட்டு இல்ல. உன் கால்ல வெச்சப்ப எழுபதுக்கு மேல இருந்துச்சு. உனக்கு உறைக்கல. நான் சொன்னதை நம்பி நர்ஸும் அங்கேயே பிடிச்சுக்கிட்டிருந்தா."

"விளையாடாத பாப்பா."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அவர் தலையணையில் மறுபடி சாய்ந்தார்.

"அப்ப காலு?"

"டாக்டர் சொல்ல முடியாதுங்கறார். எனக்குத் தெரியும். வெந்துதான் போச்சு."

தெருவில் ஏதோ வண்டி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. அது போய் முடிகிறவரை அவர் காத்திருந்த மாதிரி இருந்தது.

"தெரிஞ்சு சொன்னியா?"

"இல்லண்ணா. சத்தியமா இல்ல."

அவர் நான் எதிர்பார்க்காத அளவுக்கு அமைதியான குரலில் பேசினார். "பிரேக் பிடிக்காத வண்டியை என்கிட்டயும் குடுத்திருக்காங்க. மெக்கானிக்கைக் கேட்டா, பார்த்துட்டேன்னுதான் சொல்லுவான். பொய் சொல்ல மாட்டான் பாவம், பார்த்துட்டோம்னு நினைச்சிருப்பான். யாருக்கும் வரும்."

அவள் கண்களில் அதுவரை இல்லாத ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று நான்கூட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நீ வீட்டுக்கு வந்த ரெண்டாவது மாசம்."

அவர் கணக்குப் போட்டார். உதடுகள் அசைந்தன. வந்து போன ஒவ்வொருவரையும் அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பழைய கண்டக்டர், அண்ணி வீட்டுச் சொந்தக்காரர்கள், டெப்போவிலிருந்து பழம் வாங்கி வந்தவர்கள், மின் கணக்கெடுக்கிறவர்.

"பாப்பாதான் காப்பாத்தினான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேனே."

"ஆமா அண்ணா."

"நீ உள்ள நின்னு கேட்டுக்கிட்டுதானே இருந்தே."

"ஆமா."

"இத்தனை நாளா. கூட உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு." அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது. கால் போனதற்கு அவர் அழுது நான் பார்த்ததில்லை. "தப்பாச் சொன்னதை விடு. என்னைக் கிறுக்கனாட்டம் பேசவிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தியே பாப்பா."

மன்னிச்சுக்கோ என்று அவள் சொல்லவில்லை. அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்து, சிரமப்பட்டுப் புரண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். போர்வைக்குள் அவர் கால் அவள் கைக்குள்ளேயே திரும்பியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார் சுவரைப் பார்த்து. "மாடியம்மா கூட வரட்டும். வருவீங்கல்ல?"

"வர்றேங்க" என்றேன்.

"நீ வர வேணாம்." இது பாப்பாவுக்கு. "இனிமே என்னைத் தொடாத."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு போர்வையைப் பார்த்தாள். மரத்த காலைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. சத்தம் வராமல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, மறு கையையும் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள்.